கல்நெஞ்சுக்காரி

“துரைக்கு ஊட்டிவிட ஆள் வேணுமோ? ஸ்பூனை நீங்களே பிடிங்க!”

நர்ஸ் போட்ட அதட்டலில் வார்டே திரும்பிப் பார்த்தது. கட்டிலில் சாய்ந்திருந்த பெரியவரின் முகம் சிவந்தது. பக்கத்தில் நின்ற மகளுக்கு ரத்தம் கொதித்தது.

“எங்கப்பா ஒரு தொழிற்சாலையையே அதட்டி வேலை வாங்கினவர். அவரையா மிரட்டுற, கல்நெஞ்சுக்காரி? மத்த சிஸ்டரெல்லாம் குழந்தை மாதிரி தாங்குறாங்க!”

“ஆமா, கொஞ்சிக் கொஞ்சித்தான் இப்படியே கிடக்கார். வீறாப்புக்கு மட்டும் குறைச்சல் இல்ல!” என்றாள் நர்ஸ், பெரியவரின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

மகள் ஓடிப்போய் மேட்ரனைக் கையோடு அழைத்து வந்தாள். மேட்ரன் வந்ததும் வராததுமாக வெடித்தாள்.

“எமோஷனல் இன்டெலிஜென்ஸ் வகுப்புல நீதான் கடைசி மார்க். நோயாளி மனசைப் புரிஞ்சு நடந்துக்கோன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேனே! முதல்ல இவர்கிட்ட மன்னிப்புக் கேளு.”

“இந்தப் பிடிவாதக்காரக் கிழவர்கிட்டயா? கேக்க மாட்டேன்!”

பெரியவர் தட்டைத் தள்ளிவிட்டார். அது தரையில் உருண்டது. அவர் வாய் கோணியது, கழுத்து நரம்பு புடைத்தது.

“போ... போடி வெளியே!”

மகள் அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

“அப்பா, இன்னொரு தடவை திட்டுங்கப்பா!”

பக்கவாதம் வந்த நாளிலிருந்து எத்தனையோ பேர் கொஞ்சியும் கெஞ்சியும் வராத பேச்சு அது.

நர்ஸ் அவசரமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இடுப்பில் கையை ஊன்றி இன்னும் உரக்கக் கத்தினாள்.

“போக முடியாது! என்ன பண்ணுவீங்க?”