கண்ணை எடுக்காதீங்க

சொந்தக் கையால் தோட்டாவுக்கு வெடிமருந்து அடைப்பவர்களில் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்திலேயே ரூலன்தான் மகா கெட்டிக்காரர். இதை அவரே வாராவாரம் யூடியூபில் சொல்லிவருகிறார். நேற்று வீடியோவுக்குக் கீழே எவரோ குறை எழுதியிருந்தார்கள். ரூலன் முதல் வரியோடு படிப்பதை நிறுத்தி, 'பொறாமை' என்று பதில் போட்டு பிளாக் செய்தார்.

இன்று துப்பாக்கி சுடும் போட்டியில் அவருடைய துப்பாக்கி 'புஸ்' என்றது.

"அடுத்ததைச் சுடாதீங்க," என்று நடுவர் வில்மா தடுத்தாள். "மருந்து இல்லாம குண்டு குழல்லயே மாட்டியிருக்கு. இன்னொண்ணு சுட்டா குழல் வெடிச்சிரும்."

"ஒவ்வொரு தோட்டாவுலயும் மருந்து இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பார்த்துட்டுத்தான் குண்டை வச்சு மூடுவேன்மா."

"வீடியோவுல அடைச்ச பதினோராவதைத் தவிர. அப்போ கேமராவைப் பார்த்து, 'கண்ணை எடுக்காதீங்க'ன்னு பாடம் நடத்திட்டிருந்தீங்க."

"பார்த்தவ சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"சொன்னேனே. அந்தப் பொறாமைக்காரி நான்தான்."