முக்கால் அடி உயரம்

அனகாபுத்தூரில் முழங்காலுக்கு மேல் தண்ணீர் நின்ற காலையில், ஜெயவேலுவின் பிக்கப் வண்டி லோகநாதன் வீட்டு வாசலில் வந்து நின்றது. இன்ஜின் அணையவில்லை.

அதுவே அவனுக்குப் பாதி வெற்றி.

யார் கேட்டாலும் லோகநாதனைப் பக்கத்து வீட்டுக்காரர் என்றுதான் ஜெயவேலு சொல்வான். காம்பவுண்டுச் சுவர் யாருடையது என்பதில் தொடங்கிய சண்டை. இரண்டு பேரும் முகம் பார்த்துப் பேசி ஆறு வருடம் ஆகிறது.

லோகநாதனுக்கு வாரம் மூன்று நாள் குரோம்பேட்டையில் டயாலிசிஸ். போன வருட மழையில் இரண்டு முறை போக முடியாமல், படகு வந்து தூக்கிக்கொண்டு போனபோது அவருக்கு மூச்சு பாதிதான் இருந்தது. ஜெயவேலு மாடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். இந்தத் தண்ணீரில் நம் வண்டி நின்றுவிடும் என்று மனைவி சந்திரிகாவிடம் அன்று சொல்லியிருந்தான்.

சொன்னது உண்மைதான். ஆனால் சாவியை அவன் கையில் எடுக்கவே இல்லை. அது ஒரு வருடமாக அவனை அரித்துக்கொண்டிருந்தது.

இந்த வருடம் அந்தச் சாக்கு இருக்கக் கூடாது.

காடு மேடு ஓட்டுகிறவர்கள் வண்டிக்கு மாட்டும் சாமான்களைப் போனில் பார்த்தான். விலையையும் பார்த்தான். போனை மூடி வைத்துவிட்டுத் தன் கைக்கு எட்டியதைச் செய்தான்.

உடைத்துப் போட்ட லாரி ஒன்றின் ஸ்பிரிங் பட்டைகளை அறுத்து அடியில் சேர்த்தான். மறைமலை நகர் பழைய சாமான் கடையில் சேற்றிலும் வழுக்காத பட்டன் டயர் நான்கு பிடித்தான். இன்ஜின் மூச்சு வாங்க, பிளம்பர் மிச்சம் வைத்த பிளாஸ்டிக் குழாயைக் கூரை வரை ஏற்றிக் கட்டினான். வண்டி முக்கால் அடி உயர்ந்து, பார்க்கவே கொஞ்சம் திமிராக நின்றது.

தெருவே சிரித்தது. உள்ளே அடுப்பு வைத்திருக்கிறாயா, புகைபோக்கி எதற்கு என்றார்கள். கொல்லிமலைக்கு டூர் என்று எல்லோரிடமும் புளுகி வைத்தான். சந்திரிகா மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. நேற்று சாயங்காலம் சுவருக்கு மேல் எட்டி, காலை ஏழு மணிக்குத் தயாராக இருக்கும்படி லோகநாதனிடம் சொன்னவளும் அவள்தான்.

வாயே திறக்காமல் காரியத்தை முடிப்பது ஜெயவேலுவின் திட்டம். கதவை உள்ளிருந்து திறந்துவிட்டால் அவர் ஏறப்போகிறார். ஆஸ்பத்திரி வந்தால் இறங்கப்போகிறார்.

லோகநாதன் ஃபைலை பிளாஸ்டிக் பையில் சுற்றி மார்போடு அணைத்தபடி, தண்ணீரில் அடி மேல் அடி வைத்து வந்தார். திறந்த கதவைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கினார்.

எட்டவில்லை.

வீங்கிய காலை மறுபடியும் தூக்கினார். தண்ணீர் மட்டத்தோடு அது நின்றுவிட்டது.

கல்லில் இடிக்கும் என்று கால்படியைக் கழற்றிப் போட்டிருந்தான் ஜெயவேலு. டயரை, குழாயை, போன வருட வெள்ளம் சுவரில் விட்டுப்போன கோட்டை எல்லாம் டேப் வைத்து அளந்த மகராசன், ஏறப்போகிற மனிதரை நினைத்துப் பார்க்கவே இல்லை.

லோகநாதன் அவனைப் பார்க்கவில்லை. உதவி கேட்கவும் இல்லை. ஃபைலை அக்குளில் இடுக்கிக்கொண்டு வீட்டுப் பக்கம் திரும்பினார்.

ஜெயவேலு தன் பக்கக் கதவைத் திறந்து தண்ணீரில் குதித்தான். வண்டியைச் சுற்றி வந்து, அவரை வழிமறித்து, ஒரு காலை மடக்கி உட்கார்ந்தான். சாக்கடை கலந்த தண்ணீர் அவன் இடுப்புக்கு மேல் ஏறியது.

“தொடை மேல கால வெய்ண்ணா. நான் புடிச்சிக்கிறேன்.”

லோகநாதன் குனிந்து செருப்பைக் கழற்றி வண்டிக்குள் போட்டுவிட்டு, அவன் தோளைப் பற்றிக்கொண்டார்.

“அம்மா செத்தன்னிக்குக்கூட நீ என்ன அண்ணான்னு கூப்புடலியேடா.”

ஜெயவேலு அண்ணனை இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்து மேலே ஏற்றினான்.