ஞாயிறுதோறும் குறையும் கூலன்ட்

"நாலாவது ஞாயித்துக்கிழமை! இன்னுமா கார்ல ஒழுகுற இடம் தெரியல?" என்று மெக்கானிக்கிடம் பொரிந்து தள்ளினாள் மனைவி. "அங்க இவரோட அக்கா எங்களுக்காகச் சமைச்சு வச்சுட்டுக் காத்துட்டிருக்காங்க!"

"நீ போய் நிழல்ல நில்லும்மா, நான் பேசிக்கிறேன்" என்று அவளை அனுப்பினார் கணவர்.

மெக்கானிக் தலையில் கை வைத்துக்கொண்டார். "சார், ரேடியேட்டர், ஹோஸ், வாட்டர் பம்ப் எல்லாத்தையும் காத்தடிச்சுப் பாத்துட்டேன். ஒரு சொட்டு ஒழுகல. இருபது வருஷத்து வண்டிதான், அதுக்காகப் பச்சைக் கூலன்ட் மாயமாவா மறையும்? யாரோ ரேடியேட்டருக்கு அடியில இருக்குற மூடியைத் திறந்து எடுக்குறாங்க."

கணவர் குரலைத் தாழ்த்தினார்.

"நான்தாங்க. அக்கா வீட்டுக்குப் போனா நாள் முழுக்க அட்வைஸ். அதான் கிளம்புறதுக்கு முன்னாடி அரை லிட்டர் இறக்கிடுவேன், எஞ்சின் சூடாகி வண்டி வழியிலயே நின்னுடும். அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

"அரை லிட்டரா?" மெக்கானிக்குக்குக் கோபம் தலைக்கேறியது. "வாராவாரம் முழுசா ஒரு லிட்டர் ஊத்திட்டிருக்கேனே சார்!"

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மர நிழலில் மனைவி, விரலில் ஒட்டியிருந்த பச்சைக் கறையைக் கைக்குட்டையால் அவசர அவசரமாகத் துடைத்துக்கொண்டிருந்தாள்.