முதலீட்டாளர் வரைபடம்

நாலந்தா வெயிலில் சுடும் வேன் பொனெட்டின் மேல் தரகன் கஜேந்திரன் வரைபடத்தை விரித்துப் பிடித்திருக்கிறான். முதலீடு செய்ய வந்த வெள்ளைக்காரர், பாயில் காயும் மிளகை அள்ளி முகர்ந்து, யாரையும் பார்க்காமல் சிரிக்கிறார். தோட்டத்துச் சொந்தக்காரர் ஜுனைதீனுக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வரைபடத்தில் தன் இடத்தைத் தேடுகிறார். ரோட்டு வளைவு இருக்கிறது. அதற்கப்பால் வெறும் பச்சை. “எங்கட வூட்டக் காணல்லயே தம்பி?” “இது சும்மா எடத்தக் காட்டுற மேப்புங்க நானா. வீடெல்லாம் இதுல வராதுங்க.” ஜுனைதீன் தலையாட்டுகிறார். விரல் மட்டும் பச்சையில் ஊர்ந்து ஒரு நீலப் புள்ளியில் நிற்கிறது. அவருடைய அடுப்படிக்குப் பின்னால் இருக்கும், கோடையிலும் வற்றாத கிணறு. பக்கத்தில் ஆழம் முப்பத்திரண்டு அடி என்றிருக்கிறது. கணக்குச் சரிதான். அளக்க வந்தவரைத்தான் அவர் பார்த்ததேயில்லை.