உயர்த்திய முஷ்டி

நண்பகல் வெயிலில் லூஷியஸின் ரொட்டி வேன் ஆவி கக்கிக்கொண்டு தெருமுனையில் நிற்கிறது. என்ஜினிலும் கண்ணாடியிலும் மூன்று துளைகள். ஊர்வலங்களை அடக்கவென்று இந்த அமெரிக்க நகருக்குள் ராணுவம் இறங்கி இது நான்காம் நாள். காவல் நின்ற சிப்பாய் பிராடி, போர்ப் பயிற்சியில் ‘நில்’ என்பதற்குக் கற்றபடி முஷ்டியை உயர்த்தினான். கறுப்பின உரிமை ஊர்வலங்களிலேயே நரைத்துப்போன லூஷியஸுக்கு அது தோழமை வணக்கம். சிரித்துக்கொண்டே தன் முஷ்டியையும் உயர்த்தி வண்டியை நகர்த்தினார். பிராடி சுட்டுவிட்டான். இப்போது சோள ரொட்டிகள் சாலையில் சிதறிக் கிடக்கின்றன. கிழவரின் தலைமுடியில் கண்ணாடித் தூள் மின்னுகிறது, காயம் ஏதுமில்லை. தெருவின் மறுமுனையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்த போலீஸ்காரி மோரேனோ மூச்சிரைக்க ஓடி வருகிறாள்.

“நிறுத்தணும்னா உள்ளங்கையக் காட்ட மாட்டியா? இதென்ன போர்க்களமா?”

“எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது இதுதான் மேடம்.”

“சரி, இவரக் கைது பண்ணிட்டியா?”

பிராடி பதறுகிறான். “ஐயோ, இல்ல மேடம்! பொதுஜனத்தக் கைது பண்ண எங்களுக்குச் சட்டத்துல அதிகாரமே கிடையாது.”

வேனுக்குள் லூஷியஸின் முஷ்டி இன்னும் உயர்ந்தே இருக்கிறது.

“தம்பி, இந்தக் கைய இறக்கலாமா? இல்ல, அதுக்கும் உங்க பாடத்துல ஏதாவது அர்த்தம் இருக்கா?”