படியேறி வந்தவள்

இன்னும் ஆறு படிகள் இருந்தன.

அவள் உட்கார்ந்தபடியேதான் ஏறிக்கொண்டிருந்தாள். இரண்டு கைகளையும் மேல்படியில் பின்னால் ஊன்றி ஓர் எம்பு. சூம்பிய இடது கால் இழுபட்டு வரும். பிறகு கைத்தடியை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இன்னோர் எம்பு.

தொழிலாளர் நீதிமன்றம் இரண்டாவது மாடியில். நல்ல இடம் பார்த்துத்தான் வைத்தார்கள், புண்ணியவான்கள்! லிஃப்ட் பழுது என்று ஒட்டிய காகிதமே பழுப்பேறிப் போயிருந்தது.

மற்ற வாய்தாக்களுக்கு எட்டரைக்கே வந்துவிடுவாள். ஆட்கள் வருவதற்குள் ஏறி முடித்து, பையிலிருந்து பழைய துண்டை எடுத்து, சேலையின் பின்பக்கத்துப் புழுதியைத் தட்டித் துடைத்துவிடுவாள். நான்கு வருடமாக அவள் எப்படி மேலே வருகிறாள் என்று ஒருவருக்கும் தெரியாது. தெரிந்துதான் என்ன ஆகப்போகிறது.

இன்றைக்கென்று பார்த்து பஸ் நடுவழியில் நின்றுவிட்டது.

“துளசிமணி… துளசிமணி…”

டவாலி கூப்பிட்டுவிட்டார். மூன்றாவது முறைக்கும் ஆள் இல்லையென்றால் வழக்கு தள்ளுபடி. போன வாய்தாவுக்குக் காய்ச்சலில் வராமல் போனதற்கே நீதிபதி எச்சரித்திருந்தார்.

“வந்துட்டனுங்க!”

படியிலிருந்தே கத்தினாள். வெட்கமாக இருந்தது. மிச்சப் படிகளை எப்படிக் கடந்தாளோ, தடியை ஊன்றி எழுந்து, மூச்சிரைக்க அப்படியே உள்ளே போனாள்.

துண்டு பையிலேயே கிடந்தது.

பனியன் கம்பெனியில் பதினோரு வருடம் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து துணி செக்கிங் பார்த்தவள். புது மேனேஜர் செக்கிங் மேஜைகளை மாடிக்கு ஏற்றினார். ஒரே ஒரு மேஜையைக் கீழேயே விடுங்கள் என்று கேட்டாள். பாதிச் சம்பளத்துக்குப் பிசிர் வெட்ட உட்கார வைத்துவிட்டார்கள். பழைய மேஜையையும் முழுச் சம்பளத்தையும்தான் கேட்டு வந்திருந்தாள்.

கம்பெனி வக்கீல் எழுந்தார்.

“ஐயா, ஒவ்வொரு வாய்தாவுக்கும் ரெண்டு மாடி ஏறி வந்து நிக்கறாங்க. எங்க கம்பெனில ஒரே ஒரு மாடி. அதை மட்டும் ஏற முடியாதாம்.”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

நீதிபதி அவளைப் பார்த்தார். “இதுக்கு என்னம்மா சொல்றீங்க?”

ஏற முடியாது என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு அலுத்துப்போயிருந்தது.

ஐயாவுக்கு முதுகு காட்டக் கூடாது என்று முதல் நாளே டவாலி சொல்லிக் கொடுத்திருந்தார். நான்கு வருடமாக, வெளியே போகும்போதுகூட, தடியை ஊன்றிப் பின்பக்கமாகவே நடந்து போனவள் அவள்.

தடியை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றிக்கொண்டாள்.

மெல்லத் திரும்பி, தன் வெளிர்மஞ்சள் சேலையின் பின்பக்கம் நீதிபதிக்குத் தெரிய நின்றாள்.

“ஏம்மா…” என்று அதட்ட வந்த டவாலி, பாதியில் நிறுத்திக்கொண்டார்.