தூண்டிலும் தலையணையும்

பள்ளி முகாமுக்குப் பெற்றோர் யாரும் வரக்கூடாது என்று பெற்றோர் கூட்டத்தில் டீச்சர் திரும்பத் திரும்பச் சொன்னார். கடைசி முறை சொல்லும்போது ரத்னவேலைப் பார்த்துச் சொன்னார்.

மகள் இனியாவுக்குப் பதினொரு வயது. ஒரே ஓர் இரவு, பாசிர் ரிஸ் கடற்கரையில் கூடாரம் போட்டுத் தங்க வேண்டும். அப்பாவும், சின்ன வயதிலிருந்து கட்டிப்பிடித்துப் படுக்கும் மஞ்சள் தலையணையும் இல்லாமல் அவள் இதுவரை தூங்கியதில்லை.

முகாமுக்குக் கிளம்பியவள் தலையணையை மறந்துவிட்டுப் போய்விட்டாள் என்றார் ரத்னவேல். வேண்டுமென்றேதான் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள் என்றாள் மனைவி சுதா.

ரத்னவேல் அரை நாள் விடுப்பு எடுத்தார். தேக்காவில் மளிகைக்கடை வைத்திருக்கும் நண்பர் நாகூர் கனியிடம் போய் ஒரு தூண்டில் இரவல் கேட்டார்.

"முட்டைகூடத் தொடாத ஆளு நீங்க. தூண்டில் எதுக்கு?"

"சும்மா பிடிச்சுட்டு நிக்கத்தான்."

புழு வேண்டுமா என்று கேட்டார் கனி. வேண்டாம் என்றார் ரத்னவேல்.

மாலையில் முகாமுக்குச் சற்றுத் தள்ளி, கடலைப் பார்த்து நின்றார். தொப்பி, கறுப்புக் கண்ணாடி, கையில் தூண்டில். தோள்பையிலிருந்து தலையணையின் ஒரு முனை எட்டிப் பார்த்தது. 'வீட்டுக்குப் போகலாம்ப்பா' என்று மகள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், டீச்சரிடம் பேசி அழைத்துக்கொண்டு போய்விடலாம். அதுதான் திட்டம்.

பக்கத்தில் மீன் பிடித்துக்கொண்டிருந்தவர், புழு இல்லாமல் மீன் வராது என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார்.

பிள்ளைகள் கரையோரமாக நடந்து வந்தார்கள். இனியா தன் தோழி அமீராவின் கையைப் பிடித்திருந்தாள். தொப்பியைப் பார்த்தாள். பையைப் பார்த்தாள். உதடு லேசாகத் துடித்தது. ரத்னவேல் தூண்டிலைக் கீழே வைக்கத் தயாரானார்.

அமீரா நின்றாள்.

"மீன் கிடைச்சுதா அங்கிள்?"

ரத்னவேல் மகளைப் பார்த்தார். மகள் அமீராவை இழுத்தாள்.

"வா லா. தெரியாதவங்ககிட்ட பேசக்கூடாதுன்னு டீச்சர் சொல்லியிருக்காங்க."

இருவரும் போய்விட்டார்கள். இனியா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கிளமெண்டியில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பி, நடந்ததை சுதாவிடம் சொன்னார். கறுப்புக் கண்ணாடியோடும் தலையணையோடும் மீன் பிடிக்கிற அப்பாவைத் தன் அப்பா என்று சொல்ல எந்தப் பிள்ளைக்கும் வெட்கமாகத்தான் இருக்கும் என்றாள் சுதா. அன்றிரவு குடும்பத்தில் தூங்காதவர் அவர் ஒருவர்தான்.

மறுநாள் பள்ளி வாசலில் மகளை அழைத்துக்கொண்டார். பையைக் கேட்டார். அவளே தூக்கிக்கொண்டாள். ரயிலில் உட்கார்ந்த பிறகு, கூடாரம் கட்டியதையும் சோறு அடிப்பிடித்ததையும் சொன்னாள். கடற்கரையைப் பற்றி மட்டும் பேச்சே இல்லை.

கடைசியில் அவரே கேட்டார்.

"அப்பாவைப் பார்த்தேதானே?"

"தலகாணியைத்தான் முதல்ல பார்த்தேன்."

"அப்புறம் ஏம்மா தெரியாதவங்கன்னு சொன்னே? அவ்வளவு வெட்கமா இருந்துச்சா?"

இனியா பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"ஓடி வந்துடலாம்னுதான்ப்பா இருந்துச்சு. ஆனா அமீரா அப்பா போன வருஷம் இறந்துட்டாங்கல்ல, அவ பஸ்ல ஏறினதுலேர்ந்து அழுதுட்டே வந்தா. அங்கே யாருக்குமே அப்பா கிடையாது, எனக்கும் கிடையாதுன்னு சொல்லித்தான் அவளைக் கையைப் பிடிச்சு இறக்கினேன்."